பசிக்கு உதவின்னா எது: கப்பல்ல தானியமா, கைல காசா, வயல்ல விதையா?

ஒரு நாடு இருக்குன்னு வச்சுக்குவோம். பெரிய பணக்கார நாடு இல்ல, ஆனா தன்னோட ஜனங்களுக்கு சோறு போட்டுட்டு கொஞ்சம் மிச்சம் பிடிக்கிற அளவுக்கு வந்துருச்சு, இப்போ உலக அளவுல பசியைக் குறைக்கவும் விவசாயத்தை வளர்க்கவும் வருஷத்துக்கு ஒரு 10 கோடி டாலர் ஒதுக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கு. அந்தக் காசை எங்க போடறது? தானியமா வாங்கி கப்பல்ல ஏத்தலாம், ஐ.நா.வோட உலக உணவுத் திட்டத்துகிட்ட பணமா குடுத்துரலாம், பயிர் ஆராய்ச்சிக்குக் குடுக்கலாம், சின்ன விவசாயிங்களுக்காக இருக்கிற நிதியத்துல போடலாம், பக்கத்து நாடுங்களோட சேர்ந்து பொதுக் கையிருப்பு வைக்கலாம், இல்ல பயிர், விலை, மழை பத்தின தகவலைச் சேகரிக்கிற அமைப்புங்களுக்குக் குடுக்கலாம். 2024ல உலகத்துல 67 கோடி பேருக்கு மேல பசியோட இருந்தாங்கன்னு ஐ.நா. கணக்கு சொல்லுது, 10 கோடி டாலரை அத்தனை பேருக்கும் பிரிச்சா தலைக்கு 15 சென்ட்தான் வருது. அதனால எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் போடுவோம்னு சொல்றது கேக்க நல்லாருக்கும், எங்கயும் ஒண்ணும் ஒட்டாது.

இதை ஒப்பிடறவங்க வழக்கமா பாக்கறது ஒரு டாலருக்கு எத்தனை பேர் சாப்பிடலாம்ங்கறது. அதுவும் வேணும்தான். ஆனா இந்த 70 வருஷக் கதையைப் படிச்சுப் பாத்தா எனக்கு வேற ஒண்ணுதான் கண்ல படுது, உதவி கைமாறின பிறகு அதோட சாவி, அதாவது அதைப் பத்தி முடிவெடுக்கற அதிகாரம், யார்கிட்ட இருக்கு? குடுத்தவன்கிட்டயா, வாங்கினவன்கிட்டயா, இல்ல எங்கயோ உக்காந்திருக்கிற ஒரு கமிட்டிகிட்டயா? அதை வச்சே ஒவ்வொண்ணா பாப்போம்.

முதல்ல தானியம். கண்ணுக்குத் தெரியற உதவின்னா இதுதான், மூட்டைல கொடி அச்சடிக்கலாம், துறைமுகத்துல மந்திரி நின்னு போட்டோ எடுத்துக்கலாம், உள்ளூர் விவசாயிகிட்ட கொள்முதல் பண்ணா அவங்க ஓட்டும் கிடைக்கும். அமெரிக்கா 1954ல போட்ட பி.எல்.480 சட்டம் இந்த வழிக்கு பெரிய உதாரணம். அங்க மிதமிஞ்சி விளைஞ்சதை எங்கயாவது தள்ளணும், வேற பக்கம் பஞ்சம், ரெண்டும் பொருந்திப் போச்சு. 1965லயும் 66லயும் இந்தியால மழை பொய்ச்சப்போ, 1966ல மட்டும் ஒரு கோடி டன் பக்கம் தானியம் வெளில இருந்து வந்துச்சு. அது வரலேன்னா எத்தனை உயிர் போயிருக்குமோ, அதைக் குறைச்சுப் பேசறது நியாயம் இல்ல. ஆனா அப்போ ஜனாதிபதியா இருந்த லிண்டன் ஜான்சன் நீண்டகால ஒப்பந்தம் போடாம கொஞ்சம் கொஞ்சமாத்தான் கப்பலை விட்டார். இந்தியா விவசாயக் கொள்கையை மாத்தணும், வியட்நாம் போரைப் பத்திப் பேசறதைக் குறைக்கணும், ரெண்டு கணக்கும் அதுல இருந்துச்சு. அடுத்த கப்பல் எப்போ கிளம்பும்னு டெல்லில உக்காந்து எண்ணிக்கிட்டு இருந்தாங்க. சாவி முழுக்க குடுத்தவர் பாக்கெட்ல.

செலவுக் கணக்கும் நல்லா இல்ல. அமெரிக்கச் சட்டப்படி அவங்க அரசு அனுப்பற உணவு உதவில குறைஞ்சது பாதி அமெரிக்கக் கொடி போட்ட கப்பல்லதான் போகணும், அந்தக் கப்பல் வாடகை உலக சந்தையை விட ஜாஸ்தி. ஆக பசிக்குன்னு ஒதுக்கின காசுல ஒரு பங்கு கப்பல் கம்பெனிக்குப் போகுது, தானியம் போய்ச் சேர மாசக்கணக்கு ஆகுது. அது போய்ச் சேரறப்போ அங்க அறுவடை நேரமா இருந்துச்சுன்னா இன்னும் மோசம், உள்ளூர் விலை விழுந்து விவசாயி அடுத்த போகம் போடறதுக்கே யோசிப்பான். உதவின்னு இல்ல, மலிவு இறக்குமதியாவே வந்தாலும் இதே கதைதான்: ஹைட்டில 1990கள்ல அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதத்துக்குக் கொண்டு வர வச்சாங்க, அமெரிக்க அரிசி வந்து குவிஞ்சது, உள்ளூர் நெல் விவசாயம் படுத்துருச்சு. அந்தக் கொள்கைக்காக அழுத்தம் குடுத்த முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி பில் கிளின்டனே 2010ல அமெரிக்க செனட் கமிட்டி முன்னாடி அது தப்புன்னு ஒத்துக்கிட்டார். கனடா 2008ல 'எங்க ஊர் தானியம்தான் வாங்கணும்'ங்கற கட்டுப்பாட்டையே முழுசா எடுத்துருச்சு, ஐரோப்பா அதுக்கு முன்னாடியே அந்தப் பக்கம் நகர்ந்துருச்சு.

இருந்தாலும் தானியத்தை அடியோட தள்ளிர முடியாது. முற்றுகைல இருக்கிற ஊர், சந்தையே இல்லாத போர்ப் பகுதி, அங்க காசை வச்சுக்கிட்டு என்ன வாங்கறது? அதே மாதிரி கடுமையா ஊட்டச்சத்து குறைஞ்ச குழந்தைக்குக் குடுக்கற வேர்க்கடலை பேஸ்ட், அதைப் பொருளாத்தான் அனுப்பணும், வேற வழியில்ல.

அடுத்து காசு. இதுல உலக உணவுத் திட்டம்தான் பெரிய கை, 1961ல சோதனை முயற்சியா ஆரம்பிச்சது, 2020ல அமைதிக்கான நோபல் வாங்கிச்சு. அவங்ககிட்ட பணமா குடுத்தா முடிஞ்ச வரைக்கும் பக்கத்துலயே தானியம் வாங்கறாங்க, சந்தைல சாமான் இருக்கிற இடத்துல ஜனங்க கைலயே கார்டாவோ மொபைல் பணமாவோ குடுத்துடறாங்க. எனக்குப் பிடிச்சது இதுதான், அந்த வீட்டுக்கு என்ன வேணும்னு அந்த வீட்டுக்காரங்களுக்குத்தான் தெரியும், மாவு வாங்கறதா மருந்து வாங்கறதான்னு அவங்களே முடிவு பண்ணுவாங்க. பக்கத்துல கடை வச்சிருக்கிறவனுக்கும் வியாபாரம் நடக்குது. சந்தைல சரக்கே இல்லாத இடத்துல பணம் மட்டும் இறங்கினா விலைதான் ஏறும், அதனால கண்ணை மூடிட்டு எல்லா இடத்துலயும் பண்ண முடியாது, சந்தையை முதல்ல பாக்கணும்.

ஆனா காசுல உண்மையான பிரச்சினை நேரம். சோமாலியால 2010 கடைசிலயே எச்சரிக்கை வந்துருச்சு, மழை வரல, விலை ஏறுதுன்னு அறிக்கை மேல அறிக்கை. பஞ்சம்னு அதிகாரப்பூர்வமா அறிவிச்சது 2011 ஜூலைல. அதுக்கப்புறம்தான் பணம் கொட்டுச்சு. பின்னாடி வந்த ஆய்வு கணக்கு சுமார் 2,58,000 உயிர், அதுல பாதிக்கு மேல அஞ்சு வயசுக்குக் கீழ. அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடியே கணிசமான சாவு நடந்து முடிஞ்சிருந்துச்சு. அல் ஷபாப்ங்கற ஆயுதக் குழுவோட கட்டுப்பாட்டுல இருந்த பகுதி, பயங்கரவாதச் சட்டத்துக்குப் பயந்து டோனர்கள், அதாவது உதவிப் பணம் குடுக்கறவங்க, பின்வாங்கினாங்க, எல்லாம் உண்மைதான். ஆனா 2017ல அதே சோமாலியால மறுபடி வறட்சி வந்தப்போ பணம் சீக்கிரமே வந்துச்சு, பஞ்சம் வரைக்கும் போகாம நின்னுச்சு. 2020 ஜூலைல வங்கதேசத்துல வெள்ளம் வரும்னு கணிப்பு வந்ததும், வெள்ளம் உச்சத்தைத் தொடறதுக்கு முன்னாடியே ஐ.நா. அவசர நிதில இருந்து காசை இறக்கிப் பாத்தாங்க, கூடி உக்காந்து பேசிட்டு இருக்காம, முன்கூட்டியே எழுதி வச்ச நிபந்தனை நிறைவேறின உடனே பணம் கிளம்பற மாதிரி ஏற்பாடு. காசு குடுக்கறதுன்னா இந்த மாதிரி குடுக்கணும்.

இன்னொரு விஷயம், உலக உணவுத் திட்டத்துக்கு 2022ல வந்தது 1,400 கோடி டாலருக்கு மேல, 2023ல அது 830 கோடி பக்கம் விழுந்துச்சு. ஒரே வருஷத்துல. பசி குறைஞ்சதால இல்ல, டோனர் மனசு மாறினதால. அதோட வர்ற பணத்துல பெரும்பகுதி 'இந்த நாட்டுக்கு மட்டும், இந்தத் திட்டத்துக்கு மட்டும்'னு சீட்டு ஒட்டி வருது, தலைப்புச் செய்தில இருக்கிற போருக்குக் கிடைக்கும், செய்தில இல்லாத வறட்சிக்குக் கிடைக்காது. ஆக இந்த வழில போறதுன்னா சீட்டு ஒட்டாம குடுக்கணும், அப்போதான் சாவியும் சேர்ந்து போகும்.

இப்போ ஆராய்ச்சி. கொஞ்சம் நீளமா பேசப் போறேன், ஏன்னா இதைப் பத்தி யாரும் பேசறதில்ல, போட்டோ எடுக்க ஒண்ணும் இருக்காது.

ஐ.ஆர்.8 நெல்லையே எடுத்துக்கோங்க. பிலிப்பைன்ஸ்ல லாஸ் பானோஸ்ங்கற இடத்துல 1960ல சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வந்துச்சு. இந்தோனேசியால இருந்து வந்த 'பேட்டா'ங்கற உயரமான ரகத்தையும், தைவான்ல இருந்து வந்த ஒரு குட்டை ரகத்தையும் சேத்தாங்க, 1966ல ஐ.ஆர்.8 வெளிய வந்துச்சு. குட்டையா நிக்கும், உரம் போட்டாலும் சாயாது, கதிர் கனமா பிடிக்கும். கோதுமைலயும் இதேதான், ஜப்பான்ல இருந்த 'நோரின் 10'ங்கற குட்டை ரகத்தோட குணத்தை மெக்சிகோல நார்மன் போர்லாக் தன்னோட கோதுமைக்குள்ள கொண்டு வந்தார், 1966ல இந்தியா அந்த மெக்சிகோ விதையை 18,000 டன் இறக்குமதி பண்ணிச்சு, சி.சுப்பிரமணியம் மந்திரி, விஞ்ஞானி பக்கம் எம்.எஸ்.சுவாமிநாதன். யோசிச்சுப் பாருங்க, அதே 1966, ஒரு பக்கம் ஒரு கோடி டன் தானியம் கப்பல்ல வருது, இன்னொரு பக்கம் 18 ஆயிரம் டன் விதை வருது. தானியம் அந்த வருஷமே தின்னு தீந்துச்சு. விதை வந்த பிறகு அதோட சாவி ஜான்சன்கிட்ட இல்ல, லூதியானா, டெல்லி விஞ்ஞானிங்க அதை எடுத்து நிறம் மாத்தி, ரொட்டிக்கு ஏத்த மாதிரி தேர்வு பண்ணி, தங்களோட ரகமாவே ஆக்கிக்கிட்டாங்க. ரெண்டு வழிக்கும் நடுவுல உள்ள வித்தியாசத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

புது ரகம் மட்டும்தான் ஆராய்ச்சின்னு நினைக்க வேண்டாம். மரவள்ளி தென் அமெரிக்காவுல பிறந்த பயிர், ஆப்பிரிக்காவுல அது கோடிக்கணக்கான பேருக்கு அன்னாட சாப்பாடு. 1970கள்ல ஒரு மாவுப்பூச்சி அங்க வந்து சேந்துச்சு, அதைத் தின்ன எதிரி ஆப்பிரிக்காவுல கிடையாது, நாடு நாடா பரவி மரவள்ளியைக் காலி பண்ண ஆரம்பிச்சது. நைஜீரியால இபாடான்ல இருக்கிற வெப்பமண்டல விவசாய ஆராய்ச்சி நிலையத்துல ஹான்ஸ் ஹெரன்ங்கற சுவிஸ் விஞ்ஞானி தலைமைல ஒரு கூட்டம் அந்தப் பூச்சியோட சொந்த ஊரைத் தேடிப் போச்சு, பராகுவேல அந்தப் பூச்சியைக் கொல்ற ஒரு துக்கடா ஒட்டுண்ணிக் குளவி கிடைச்சது, 1981ல நைஜீரியால விட்டாங்க, அப்புறம் முப்பது நாடுகள் பக்கம் பரவுச்சு. விவசாயி ஒரு பைசா செலவு பண்ணல, மருந்து அடிக்கல, அந்தக் குளவி பேரு கூட அவருக்குத் தெரிஞ்சிருக்காது. பல வருஷம் கழிச்சு அதே மாவுப்பூச்சி தாய்லாந்துக்குப் போனப்போ, 2009ல ஆப்பிரிக்காவுல இருந்து அதே குளவியை அங்க கொண்டு போனாங்க. இதுல சாவி யார் கைலயும் இல்ல, குளவி தானா பறக்குது.

மாட்டு வெக்கை நோயும் அப்படித்தான். 1880கள் கடைசில இருந்து 1890கள் வரைக்கும் ஆப்பிரிக்காவுல மாடுகளை வாரிட்டுப் போய் எத்தியோப்பியால பெரும் பஞ்சத்தையே உண்டாக்கின நோய். தடுப்பூசி முன்னாடியே இருந்துச்சு, ஆனா குளிர்ல வச்சுத்தான் கொண்டு போகணும், கரண்ட் இல்லாத மேய்ச்சல் நிலத்துல அது நடக்காது. வெயிலைத் தாங்கற தடுப்பூசி வந்து, மேய்ச்சல்காரங்களையே ஊசி போடப் பழக்கின பிறகுதான் கடைசி மூலைகள்லயும் ஒழிஞ்சது. 2011ல ஒழிஞ்சதுன்னு அறிவிச்சாங்க, பெரியம்மைக்கு அடுத்து உலகத்துல இருந்தே ஒழிச்ச ரெண்டாவது நோய். எந்த ஒரு நாடும் தனியா பண்ணியிருக்க முடியாது, மாடு எல்லைக்கோட்டைப் பாத்தா மேயுது?

வெள்ளத்தைத் தாங்கற நெல்லைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லிடறேன், ஒடிசா பக்கத்துப் பழைய ரகம் ஒண்ணுல, ரெண்டு வாரம் தண்ணிக்குள்ள மூழ்கிக் கிடந்தாலும் சாகாத குணம் இருந்துச்சு. அந்த மரபணுவை பிலிப்பைன்ஸ்லயும் கலிஃபோர்னியாலயும் கண்டுபிடிச்சு, விவசாயிங்க ஏற்கனவே விரும்பிப் போடற ஸ்வர்ணா ரகத்துக்குள்ள வச்சாங்க, 2009ல இந்தியால வெளிய வந்துச்சு. விவசாயி புதுசா எதுவும் கத்துக்க வேண்டியதில்ல, அதே ரகம், அதே சோறு, மூழ்கினா மட்டும் பொழைக்கும்.

இந்த நிலையங்கள் எல்லாம் சேந்த கூட்டமைப்புதான் சி.ஜி.ஐ.ஏ.ஆர்., 1971ல ஆரம்பிச்சது. அதோட மொத்த வருஷ வரவு 100 கோடி டாலருக்கும் கீழ. நம்ம 10 கோடியை உலக உணவுத் திட்டத்துல போட்டா அவங்க வரவுல நூத்துல ஒரு பங்கு, ஆராய்ச்சில போட்டா பத்துல ஒரு பங்குக்கு மேல. சின்ன டோனருக்கு இந்தக் கணக்கு முக்கியம், எங்க போனா நம்ம காசு எடை போடும்னு பாக்கணும்ல.

குறை இல்லாம இல்ல. ஒரு ரகம் வயலுக்கு வர 10, 15 வருஷம் சாதாரணம், இன்னைக்குப் பசிச்சவனுக்கு இது பதில் இல்ல. வந்த ரகமும் விதை நிறுவனம், விவசாயிக்குச் சொல்லிக் குடுக்கற விரிவாக்கப் பணியாளர், கடை, இதெல்லாம் இல்லாத நாட்டுல ஆராய்ச்சி நிலையத்து வாசலைத் தாண்டாது. பசுமைப் புரட்சில தண்ணி இருந்தவன்தான் முதல்ல முன்னேறினான், நிலத்தடி நீர் இறங்கினது, உரச் செலவு ஏறினது எல்லாம் அதோட கூடவே வந்தது. போதாததுக்கு இது முடியாத வேலை, 1990கள் கடைசில உகாண்டால யு.ஜி.99ன்னு ஒரு கோதுமைத் துரு நோய் கிளம்புச்சு, அதுவரைக்கும் எதிர்ப்பு சக்தி இருந்த ரகங்க பலதும் கவுந்துருச்சு, மறுபடி முதல்ல இருந்து. அதனால ஆராய்ச்சிக்குக் குடுக்கறதுன்னா மூணு வருஷத் திட்டமா குடுக்கறது வீண்.

சிரியால அலெப்போ பக்கம் வறண்ட நிலப் பயிர்களுக்கான நிலையம் ஒண்ணு இருந்துச்சு, போர் வந்து விஞ்ஞானிங்க வெளியேற வேண்டியதாச்சு. ஆனா விதைகளோட நகலை நார்வேல ஸ்வால்பார்ட் விதைப் பெட்டகத்துல முன்னாடியே வச்சிருந்தாங்க, 2015ல அதை எடுத்து லெபனான்லயும் மொராக்கோலயும் பெருக்கி, 2017ல திரும்பக் கொண்டு போய் வச்சாங்க. அந்தப் பெட்டகத்துல இருந்து முதல் தடவையா விதை எடுத்தது அப்போதான். இந்த மாதிரி வேலைக்கு யாரும் ஓட்டுப் போட மாட்டாங்க.

கடன் வழிக்கு வருவோம். 1974 உலக உணவு மாநாட்டுக்கு அப்புறம் 1977ல வந்தது இஃபாட், சின்ன விவசாயிங்களுக்கான திட்டங்களுக்குக் கடன் குடுக்கன்னே ஆரம்பிச்ச ஐ.நா. நிதியம். ஆரம்பத்துல ஓட்டு உரிமையை பணக்கார நாடுகள், எண்ணெய் நாடுகள், வளரும் நாடுகள்னு மூணு சமபங்கா பிரிச்சாங்க, பணம் போட்டவனுக்கே முழு அதிகாரம்ங்கற உலக வங்கி வழக்கத்துல இருந்து அது நல்ல விலகல், சாவி விஷயத்துல முழு மார்க். வாய்க்கால், கிராமத்து ரோடு, கூட்டுறவுக் கடன்னு நல்ல வேலை நிறைய. ஆனா ப்ராஜெக்ட் வியாதி இங்கயும் உண்டு: அஞ்சாறு வருஷம் ஓடும், அதிகாரி மாறுவார், ப்ராஜெக்ட் முடிஞ்சதும் பம்ப்பை ரிப்பேர் பண்ண ஆள் இருக்காது. அந்த நாட்டு அரசு தன் பட்ஜெட்ல இருந்து போட்டாத்தான் நிக்கும், ஆப்பிரிக்கத் தலைவர்கள் 2003ல மொசாம்பிக் தலைநகர் மாபுடோல கூடி பட்ஜெட்ல 10 சதவீதம் விவசாயத்துக்குன்னு உறுதி எடுத்தாங்க, அதை வருஷா வருஷம் தொட்ட நாடுகள் ரொம்பக் குறைவு.

வளரும் நாடே வளரும் நாட்டுக்குச் சொல்லிக் குடுக்கறதுன்னு ஒரு வழி இருக்கு, கேக்க இனிக்கும். வியட்நாம் ஆளுங்க செனகல் போய் கிராமத்துல தங்கி நெல், மீன் வளர்ப்பு சொல்லிக் குடுத்தாங்க, அது நல்ல மாதிரி. ஆனா தெற்கு நாடுங்கறதாலயே சாவி கைமாறிடும்னு இல்ல. பிரேசிலும் ஜப்பானும் சேந்து மொசாம்பிக்ல ப்ரோசவானான்னு ஒண்ணு தொடங்கினாங்க, பிரேசில்ல செராடோ சமவெளியை சோயா நிலமா மாத்தின அதே மாதிரி இங்கயும்னு கணக்கு. ஆனா மொசாம்பிக்ல அந்த நிலத்துல ஏற்கனவே சிறு விவசாயிங்க குடியிருந்து பயிர் பண்ணிட்டு இருந்தாங்க, அவங்களை யாரும் முதல்ல கேக்கல. எதிர்ப்பு பெருசாகி 2020ல திட்டத்தை முடிச்சுக்கிட்டாங்க.

பொதுக் கையிருப்பு காகிதத்துல ரொம்ப அழகா இருக்கும். ஆசியான் நாடுகளும் சீனா, ஜப்பான், தென் கொரியாவும் சேந்து வச்சிருக்கிற அவசர அரிசிக் கையிருப்பு 2012ல அமலுக்கு வந்துச்சு, மொத்த ஒதுக்கீடு 7,87,000 டன். ஆசியான் நாடுகள் மட்டும் வருஷத்துக்குத் தின்னுறது சுமார் 10 கோடி டன், ஆக இது மூணு நாள் சோறு. புயல் அடிச்ச ஊருக்கு அனுப்ப ஓகே, விலை ஏற்றத்தைத் தடுக்க இது எம்மாத்திரம்? அதுலயும் பெரும்பகுதி அந்தந்த நாட்டு கிடங்குலயே 'ஒதுக்கி வச்சிருக்கோம்'ங்கற வாக்குறுதிதான். தெற்காசியால 1988ல இருந்து சார்க் உணவுக் கையிருப்புன்னு ஒண்ணு இருந்துச்சு, வங்கதேசத்துக்குத் தட்டுப்பாடு வந்தப்போ கூட அதுல இருந்து ஒரு மணி எடுக்க முடியல, நிபந்தனை அப்படி. கமிட்டிகிட்ட சாவி குடுத்தா இதான் நடக்கும்.

சரி, கையிருப்பு இல்லேன்னா விலையை யார் பிடிக்கறது? 2007-08 அரிசிக் கதையைப் பாருங்க. அந்த வருஷம் உலகத்துல நெல் விளைச்சல் குறையவே இல்ல. ஆனா இந்தியா ஏற்றுமதியை அடக்குச்சு, வியட்நாம் அடக்குச்சு, பிலிப்பைன்ஸ் பயந்து போய் கிடைச்ச விலைக்கு வாங்கித் தள்ளுச்சு, தாய்லாந்து அரிசி டன் 350 டாலர் பக்கம் இருந்தது சில மாசத்துல 1,000 டாலரைத் தொட்டுருச்சு. வெறும் பயம். கடைசில ஜப்பான் தன் கிடங்குல இருக்கிற இறக்குமதி அரிசியை வெளிய விடத் தயார்னு சொன்னதுமே, அரிசி கப்பல் ஏறறதுக்கு முன்னாடியே விலை இறங்க ஆரம்பிச்சது. எவ்வளவு ஸ்டாக் எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தா இந்தக் கூத்துல பாதி நடந்திருக்காது. அதுக்காகத்தான் ஜி20 நாடுகள் 2011ல அமிஸ்னு ஒரு தகவல் அமைப்பை ஆரம்பிச்சது, கோதுமை, மக்காச்சோளம், அரிசி, சோயா நாலுக்கும் விளைச்சல், இருப்பு, வர்த்தகம் எல்லாம் ஒரே இடத்துல. ஏற்றுமதித் தடையை அது நிறுத்திடல, 2022, 23ல இந்தியா கோதுமைக்கும் அரிசிக்கும் தடை போட்டுச்சு, இந்தோனேசியா பாமாயிலுக்குப் போட்டுச்சு. ஆனா 2022 ஜூன்ல உலக வர்த்தக அமைப்புல ஒரு சின்ன முடிவு வந்துச்சு, உலக உணவுத் திட்டம் மனிதாபிமான உதவிக்கு வாங்கற தானியத்துக்கு ஏற்றுமதித் தடை போடக் கூடாதுன்னு. காசே செலவில்லாத விஷயம், வருஷக்கணக்குல இழுத்துட்டு இருந்துச்சு.

தகவல் வழில செலவு ரொம்பக் கம்மி, ஆனா ஆபத்து வேற மாதிரி. பஞ்சம் வர்றதை முன்கூட்டியே சொல்ற ஃப்யூஸ் நெட்ங்கற அமைப்பு 1985ல எத்தியோப்பியப் பஞ்சத்தை ஒட்டி அமெரிக்கப் பணத்துல ஆரம்பிச்சது, நாப்பது வருஷமா எல்லாரும் அதைப் பாத்துத்தான் முடிவெடுத்தாங்க. 2025 ஜனவரில அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வச்சதும் அதோட இணையதளமே கொஞ்ச மாசம் இருட்டாக் கிடந்துச்சு. ஒரே நாடு பில் கட்டிட்டு இருந்தா இதான் கதி. இப்படி ஒத்தைக் கால்ல நிக்கிற அமைப்புக்கு இன்னொரு காலா நிக்கறதுக்கு 10 கோடில ஒரு கோடி போதும்.

வறட்சி இன்சூரன்ஸ் பத்தியும் கேப்பீங்க. ஆப்பிரிக்க ஒன்றியம் 2012ல ஆரம்பிச்ச ஏ.ஆர்.சி. அதைத்தான் பண்ணுது, மழை கணக்கு குறைஞ்சா தானா பணம் வரும். யோசனை நல்லது. 2015-16ல மலாவில கடும் வறட்சி, ஆனா வறட்சியைக் கணக்குப் போடற கம்ப்யூட்டர் மாடல் பணம் தர வேண்டியதில்லன்னு சொல்லிருச்சு, ஏன்னா விவசாயிங்க போட்ட மக்காச்சோள ரகம் வேற, மாடல் நினைச்சுக்கிட்டது வேற. பின்னாடி திருத்தி 80 லட்சம் டாலருக்கு மேல குடுத்தாங்க, தாமதமா. ஃபார்முலா கைல சாவி இருந்தா ஃபார்முலாவை ஊர்ல போய் சரிபாக்கணும்.

முடிவு என்கிட்ட விட்டா, பத்துல ஆறு கோடி பயிர், கால்நடை ஆராய்ச்சிக்கு, அதுலயும் பாதியாவது சர்வதேச நிலையத்தோட சேந்து அந்தந்த நாட்டு விஞ்ஞானிங்களே ரகம் தேர்வு பண்ற வேலைக்கும், விதையைப் பெருக்கி கடை வரைக்கும் கொண்டு போற வேலைக்கும். மூணு கோடி உலக உணவுத் திட்டத்துக்கு, எந்த சீட்டும் ஒட்டாம. ஒரு கோடி தகவலுக்கு. கப்பல், பொதுக் கையிருப்பு ரெண்டுக்கும் பூஜ்யம். இஃபாட் எனக்குப் பிடிச்ச அமைப்புதான், ஆனா அந்த ப்ராஜெக்ட் வியாதி தீர்ற வரைக்கும் அங்க பெரிய நாடுகள் போடட்டும். பக்கத்து நாட்டுலயே போரோ பஞ்சமோ வந்து எல்லைல ஜனங்க நிக்கறாங்கன்னா இந்தக் கணக்கு எல்லாம் அந்த வருஷத்துக்கு ஓரமா போகணும், முழுக்க காசு, சந்தை செத்துப் போன இடத்துக்கு மட்டும் சாப்பாட்டுப் பொருள்.

நிதி அமைச்சர் வந்து ஒண்ணே ஒண்ணைத்தான் எடுக்கணும், ரெண்டு கிடையாதுன்னு அடம் பிடிச்சா, ஆராய்ச்சி. ஆனா அப்போ அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கணும், பத்து வருஷத்துக்கு இந்தத் தொகை குறையாதுன்னு, தேர்தல் வந்தாலும், ஆட்சி மாறினாலும். வெளிநாட்டு உதவில விவசாயத்தோட பங்கு 1979ல 18 சதவீதமா இருந்தது 2004ல 3.5 சதவீதம் ஆச்சு, உலக வங்கியே சொன்ன கணக்கு, பசி தீந்துருச்சுன்னு யாரும் முடிவெடுத்து குறைக்கல, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா நழுவ விட்டாங்க. 2008 அடி விழுந்த பிறகுதான் 2009ல இத்தாலில லாக்விலாங்கற ஊர்ல ஜி8 கூடி 2,000 கோடி டாலர் தர்றோம்னு சொன்னாங்க, அதுல ஒரு பகுதி ஏற்கனவே குடுத்துட்டு இருந்த பணத்துக்குப் புதுப் பேருன்னு அப்புறம் தெரிஞ்சது. அதனால கையெழுத்துல 'புதுப் பணம்'ங்கற வார்த்தையையும் சேத்து எழுதி வாங்கணும்.